டார்ம்ஸ்டாட்–கிரானிக்ஸ்டைன் 1991: முதல் பாசிவ் ஹவுஸ் கட்டப்பட்ட விதம்

ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்தில் உள்ள டார்ம்ஸ்டாட் நகரின் கிரானிக்ஸ்டைன் பகுதியில், நான்கு வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் ஒரு வரிசைக் கட்டடம் இருக்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் தனித்துச் சொல்ல ஒன்றுமில்லை. 1990–91-இல் கட்டி, 1991-இல் குடியேறிய இந்தக் கட்டடம்தான் பிற்பாடு உலகெங்கும் 'பாசிவ் ஹவுஸ்' (மிகக் குறைந்த வெப்பமூட்டலே போதுமான வீடு) என்று பரவிய தரநிலையின் முதல் வீடு. ஒவ்வொரு வீட்டின் பயன்பாட்டுப் பரப்பும் 156 சதுர மீட்டர். இரண்டாவது குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கச் செலவானது சதுர மீட்டருக்கு 11.8 யூனிட் (கிலோவாட்-மணி). ஒரு வீட்டுக்கு ஆண்டு முழுவதற்கும் 1,840 யூனிட் அளவு வெப்பம். எரிபொருளில் சொன்னால் ஏறத்தாழ 184 லிட்டர் எண்ணெய். அன்றைய சாதாரண ஜெர்மன் வீடு இதைப் போலப் பத்து மடங்கு எரித்தது.

மாதிரி வீடு என்றால் கூரை நிறையக் கருவிகள் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் பலமாக இருந்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு டென்மார்க்கில் லிங்பி, ஜெர்மனியில் ஆஹன், கனடாவில் ரெஜினா என்று பல இடங்களில் சோதனை வீடுகள் எழும்பின. டென்மார்க் வீட்டில் 42 சதுர மீட்டர் சூரிய வெப்பத் தகடுகளும் பெரிய தண்ணீர்த் தொட்டியும் இருந்தன. ரெஜினா வீட்டில் கனமான வெப்பக் காப்பும் இறுக்கமான சுவரும் இருந்தன. கூடவே விலையுயர்ந்த வெற்றிடக் குழாய்ச் சூரிய அமைப்பும் இருந்தது. பொறியியலில் அவை நல்ல பாடங்கள்தாம். ஆனால் பக்கத்துத் தெருக் கட்டடக்காரர் பார்த்துவிட்டுப் போய் அப்படியே கட்ட முடியாத வீடுகள்.

கிரானிக்ஸ்டைன் இந்தப் போக்குக்கு எதிரான முடிவிலிருந்து தொடங்கியது. இயற்பியலாளர் வோல்ஃப்காங் ஃபைஸ்டும் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் பூ ஆடம்சனும் 1988-இல் இந்தக் கருத்தை வகுத்தார்கள். ஆடம்சன் அதற்கு முன் தென் சீனத்தில், வெப்பமூட்டும் வசதியே இல்லாத கட்டடங்களைக் கட்டமைப்பாலேயே கதகதப்பாக்குவது பற்றி வேலை செய்தவர். புதுக் கருவி எதுவும் சேர்க்காமல், எந்த வீட்டிலும் எப்படியும் இருக்கப்போகும் சுவர், கூரை, ஜன்னல், காற்றோட்டம் ஆகியவற்றையே போதுமான அளவு நல்லதாக்கினால் என்ன ஆகும் என்பதே அவர்கள் கேள்வி. ஹெஸ்ஸன் மாநில அரசின் ஆதரவோடு ஆய்வுத் திட்டங்கள் நடந்தன. போட், ரிடர், வெஸ்டர்மையர் என்ற கட்டடக் கலைஞர்கள் வரைந்தார்கள். வீட்டைக் கட்டிக்கொண்டவர்கள் நான்கு தனிக் குடும்பங்கள். அதில் ஃபைஸ்ட் குடும்பமும் ஒன்று.

எவ்வளவு நல்லதாக்கினால் போதும்?

'போதுமான அளவு' என்பதற்கு எல்லை எங்கே? இதற்குப் பிற்பாடு தரநிலையில் எழுதப்பட்ட கணக்கு எளிமையானது. மனதில் வைத்துக்கொள்ளத் தக்கது. ஒருவருக்கு மணிக்கு 30 கன மீட்டர் புதுக் காற்று தேவை. ஒருவருக்கு 30 சதுர மீட்டர் இடம் என்று வைத்தால், சதுர மீட்டருக்கு மணிக்கு ஒரு கன மீட்டர் காற்று. ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க 0.33 வாட்-மணி ஆகும். அந்தக் காற்றை 20 டிகிரியிலிருந்து 50 டிகிரி வரை சூடாக்கலாம். அதற்கு மேல் போனால் சூடேற்றியில் படியும் தூசி கருகி நாற்றமடிக்கும். ஆக 30 டிகிரி ஏற்றம், 0.33-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 10 வாட். மிகக் குளிரான நாளிலும் வீட்டின் தேவை இந்த 10 வாட்டுக்குள் அடங்கினால், சுவாசிக்க எப்படியும் கொண்டுவரும் காற்றே வெப்பத்தையும் சுமந்துவந்துவிடும். தனி வெப்பமூட்டும் குழாய் அமைப்பு தேவையில்லை. 156 சதுர மீட்டருக்கு 1,560 வாட்.

கிரானிக்ஸ்டைனில் அந்தத் துணிச்சலை முழுதாக எடுக்கவில்லை. எரிவாயு பாய்லரும் சிறிய ரேடியேட்டர்களும் வைத்தார்கள். முதல் கட்டடத்தில் அது சரியான முடிவு: கணக்கு பிசகினாலும் குடும்பம் குளிரில் நடுங்காது, அளவீடும் கெடாது.

சுவர்

உள்ளிருந்து வெளியே: 15 மி.மீ. ஜிப்சம் பூச்சு, 175 மி.மீ. சுண்ணாம்பு-மணல் கல் சுவர், 275 மி.மீ. தெர்மோகோல் (விரிவாக்கிய பாலிஸ்டைரீன்), அதன் மேல் வலை பதித்த கனிமப் பூச்சு. யு மதிப்பு 0.14. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் சுவர் வழியே எத்தனை வாட் ஓடும் என்பதே யு மதிப்பு. இருபுறமும் பூசிய நம்மூர் 9 அங்குலச் செங்கல் சுவருக்கு அது 2-ஐ ஒட்டி இருக்கும்.

இந்த 0.14 எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. தெர்மோகோலின் தடிமன் 0.275 மீட்டரை அதன் வெப்பக் கடத்துதிறன் 0.040-ஆல் வகுத்தால் வெப்பத்தடை 6.9. கல் சுவரின் தடை 0.18 மட்டுமே. சுவரின் இருபுறப் பரப்பையும் ஒட்டிய காற்று அடுக்குகள் 0.17. கூட்டினால் 7.25 அளவில் வரும். அதன் தலைகீழ் 0.138. மொத்தத் தடையில் கல்லின் பங்கு மூன்று சதவீதம்கூட இல்லை. கல் பாரம் தாங்குகிறது, சத்தத்தைத் தடுக்கிறது, வெப்பத்தைத் தேக்கி வைக்கிறது. காப்பு வேலை அதற்கு இல்லை. அதனால்தான் 175 மி.மீ.-க்கு மேல் கனமான சுவர் எழுப்பவில்லை. இரண்டு வேலையையும் ஒரே பொருளிடம் கேட்டால் இரண்டும் அரைகுறையாகும்.

275 மி.மீ. பலகை அப்போது கிடைக்கவில்லை. 150, 125 என இரண்டு அடுக்காக ஒட்டினார்கள். இரண்டு அடுக்கில் ஒரு வசதி உண்டு: மேலடுக்கின் மூட்டு கீழடுக்கின் மூட்டோடு நேராக வராமல் தள்ளி வைக்கலாம். வேலைத்தளத்தில் கெடுவது பெரும்பாலும் ஒட்டும் முறையில். பசைக் கலவையைப் பலகையின் நடுவில் மட்டும் திட்டுத் திட்டாக வைத்தால், பலகைக்கும் சுவருக்கும் இடையே காற்று மேலும் கீழும் சுழலும்; வெளியே எத்தனை கனமான காப்பு இருந்தாலும் பயன் குறையும். ஓரம் முழுக்க இடைவெளி விடாமல் பட்டையாகப் பசை வைத்து, நடுவில் சில திட்டுகள் வைப்பதே முறை. பலகைகளுக்கு இடையே விரல் நுழையும் சந்து இருந்தால் அதில் பசைக் கலவையை அப்பக் கூடாது, நுரை செலுத்த வேண்டும். கலவை அப்பிய ஒவ்வொரு மூட்டும் ஒரு வெப்பப் பாலம், அதாவது காப்பைத் தாண்டி வெப்பம் வெளியே ஓடும் வழி.

வெப்பப் பாலங்களில் மோசமான இடம் சுவரின் அடி. நிலவறை சூடாக்கப்படாத பகுதி. அதன் சுவர் குளிர்ந்திருக்கும். வீட்டுச் சுவர் அதன் மேல்தான் நிற்கிறது. கல்லின் மேல் கல் வைத்தால் வெப்பம் காப்பைச் சுற்றிக் கீழே இறங்கும். அங்கே வெப்பம் குறைவாகக் கடத்தும் காற்றூட்டிய கான்கிரீட் கல்லை வைத்து வெட்டினார்கள். பால்கனியை வீட்டுத் தளத்திலிருந்து நீட்டாமல், தன் காலில் நிற்கும் தனிச் சட்டமாக வெளியே நிறுத்தினார்கள். தளத்தை நீட்டிப் பால்கனி அமைத்தால், அந்தக் கான்கிரீட் நாக்கு குளிர்காலம் முழுக்க வீட்டின் சூட்டை வெளியே கொண்டு கொட்டும். உட்பக்க மூலையில் ஈரம் பூத்துப் பூஞ்சை பிடிக்கும்.

தரையில் 160 மி.மீ. கான்கிரீட் தளம், அதன் அடியில் 250 மி.மீ. பாலிஸ்டைரீன், மேலே சத்தம் தடுக்க 40 மி.மீ., அதன் மேல் 50 மி.மீ. சிமெண்ட் தளப்பூச்சு, மரத்தரை. யு மதிப்பு 0.13.

கூரை புல் கூரை. இலகுவான, I வடிவ மர விட்டங்களுக்கு இடையே 445 மி.மீ. ஆழத்துக்கு ஊதி நிரப்பிய கனிமக் கம்பளி. யு மதிப்பு 0.1. புல் பார்க்க அழகு, மழைநீரைத் தேக்கும், நீர்த்தடுப்புச் சவ்வை வெயிலிலிருந்து காக்கும். ஆனால் அடியில் 445 மி.மீ. கம்பளி இருக்கும்போது, புல்லின் குளிர்ச்சி வீட்டுக்குள் தெரியவே தெரியாது. விளம்பரங்களில் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது சந்தேகப்பட வேண்டும்.

ஜன்னல்

1990-இல் சந்தையில் கிடைக்காத பொருள் ஜன்னல்தான். கண்ணாடி கிடைத்தது: மூன்று அடுக்கு, வெப்பத்தைத் திருப்பும் பூச்சு, நடுவில் கிரிப்டான் வாயு, யு மதிப்பு 0.7. ஆர்கான் மலிவு, ஆனால் கிரிப்டானின் வெப்பக் கடத்தல் அதில் ஏறத்தாழ பாதி, இடைவெளியும் 8–10 மி.மீ. போதும் என்பதால் கண்ணாடிக் கட்டு பருமனாகாது.

சிக்கல் சட்டத்தில். அன்றைய மரச்சட்டத்தின் யு மதிப்பு 1.6 என்று வைப்போம். ஜன்னல் பரப்பில் சட்டத்தின் பங்கு 30 சதவீதம். கண்ணாடி 0.7 ஆனாலும் சராசரி 0.97 ஆகிவிடும், கண்ணாடி விளிம்பின் அலுமினியப் பட்டை வழியே போவதையும் சேர்த்தால் 1.2-ஐத் தாண்டும். அதாவது விலை கொடுத்து வாங்கிய கண்ணாடியின் நன்மையில் பெரும்பகுதியைச் சட்டமே தின்றுவிடும். அதனால் மரச்சட்டத்துக்கு வெளியே பாலியூரித்தேன் நுரைக் காப்பைக் கையால் செய்து பொருத்தினார்கள். நுரையை ஓசோனைக் கெடுக்கும் வாயுக்கள் இல்லாமல், கார்பன் டை ஆக்சைடால் ஊதியிருந்தார்கள். சுவர்க் காப்பையும் சட்டத்தின் மேல் ஏறும்படி இழுத்து மூடினார்கள்.

இதற்கு இவ்வளவு மெனக்கெட்டது யூனிட் கணக்குக்காக மட்டுமில்லை. வெளியே மைனஸ் 10, உள்ளே 20 டிகிரி என்றால், பழைய இரட்டைக் கண்ணாடியின் உட்பரப்பு 9 டிகிரியில் நிற்கும். அதை ஒட்டிய காற்று குளிர்ந்து தரையில் வழியும், கால் சில்லிடும். அந்தக் குளிரை எதிர்கொள்ளத்தான் ஐரோப்பிய வீடுகளில் ரேடியேட்டரை ஜன்னலுக்கு அடியிலேயே வைப்பார்கள். யு மதிப்பு 0.7 ஆனால் உட்பரப்பு 17 டிகிரிக்கு மேல். ரேடியேட்டரை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், குழாய் நீளம் குறையும். நான்கு மி.மீ. கண்ணாடி மூன்று சேர்ந்தால் சதுர மீட்டருக்கு 30 கிலோ. கீல் இதைத் தாங்க வேண்டும். இறங்கிய கதவு ரப்பர் பட்டையில் சரியாக அழுந்தாது, காற்று கசியும்.

காற்றுப்புகாமை: யார் பொறுப்பு?

கட்டுமான வரைபடத்தில் காற்றுப்புகாத அடுக்கு எது என்று ஒரே கோட்டில், பேனா எடுக்காமல் வரைய முடிய வேண்டும். இங்கே சுவரில் அந்தக் கோடு உட்பக்க ஜிப்சம் பூச்சு; தரையில் கான்கிரீட் தளம்; கூரையில் பாலித்தீன் ஷீட். மூன்றும் தனித்தனியே காற்றை விடாதவை. கசிவது மூன்றும் சந்திக்கும் கோடுகளில்.

கல் சுவர் காற்றைத் தடுக்கும் என்று நினைப்பது பரவலான தவறு. மூட்டுகள் வழியே காற்று தாராளமாகப் போகும்; பூச்சுதான் தடுக்கிறது. ஆகவே பூச்சு தளக் கான்கிரீட் வரை இறங்க வேண்டும். தளப்பூச்சு போடும் ஆள் முதலில் வந்துவிட்டால், கடைசி பத்து சென்டிமீட்டர் பூசாமலே மறைந்துபோகும். பிற்பாடு சுவரடிப் பலகையின் அடியிலிருந்து குளிர்காற்று வரும், யாருக்கும் காரணம் புரியாது. மின்பெட்டிகளைக் கலவையில் முழுதாகப் பதித்து வைக்க வேண்டும். குழாய் ஓடும் வெட்டுகளைக் குழாய் போடும் முன்னரே பூசியிருக்க வேண்டும். கூரை ஷீட்டின் விளிம்பைச் சுவருக்கு மேல் மடித்து, பூச்சுக்குள் பதித்துவிட வேண்டும். வெறும் ஒட்டுநாடாவை நம்பினால் தூசி படிந்த கல்லில் சில மாதங்களில் உரிந்துவிடும்.

சோதனை ஒன்றுதான்: வாசலில் விசிறி பொருத்தி, உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் உண்டாக்கி, மணிக்கு வீட்டுக் காற்று எத்தனை முறை மாறுகிறது என்று அளப்பது. தரநிலை பின்னர் வைத்த வரம்பு 0.6. கிரானிக்ஸ்டைன் வீடுகளில் 0.2-க்கும் 0.4-க்கும் இடையே வந்தது. வீட்டின் கன அளவை 390 கன மீட்டராக வைத்து 0.3-க்குக் கணக்கிட்டால், வீட்டின் எல்லா இடுக்குகளையும் ஒன்றாகச் சேர்த்தாலும் ஏறத்தாழ 60 சதுர சென்டிமீட்டர்தான். ஐந்து முறை மாறும் வீட்டில் அது ஓரடிக்கு ஓரடி துளை. ஷீட்டை ஜிப்சம் பலகை மூடும் முன் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். முடித்த பிறகு செய்தால் எண் கிடைக்கும், திருத்த வழி இருக்காது.

காற்றோட்டம்

இவ்வளவு இறுக்கிய வீட்டுக்குக் காற்றை விசிறிதான் கொண்டுவர வேண்டும். படுக்கையறை, வரவேற்பறைக்குப் புதுக்காற்று. சமையலறை, குளியலறை, கழிவறையிலிருந்து பழைய காற்று வெளியே. நடை வழியே ஒன்றிலிருந்து மற்றதற்கு ஓடும். அதற்குக் கதவின் அடியில் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத சந்து வேண்டும். தச்சர் அதை வேலைக் குறையென்று நினைத்து மூடிவிடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது.

நிலவறையில் எதிரோட்ட வெப்பமாற்றி. வெளியேறும் சூடான காற்றும் உள்ளே வரும் குளிர்ந்த காற்றும் மெல்லிய தகடுகளுக்கு இருபுறமும் எதிரெதிரே ஓடும், கலக்காது. 80 சதவீத வெப்பம் திரும்புகிறது: வெளியே மைனஸ் 10 என்றால், உள்ளே வரும் காற்று 14 டிகிரி. மணிக்கு 120 கன மீட்டர் காற்றை அப்படியே வெளியே விட்டால் இழப்பு 1,190 வாட். மாற்றி இருந்தால் 240 வாட். விசிறிகள் மின்னணுக் கட்டுப்பாடுள்ள நேர்மின்னோட்ட வகை. வீட்டுக் காற்றோட்டத்தில் அது புதுமை. கன மீட்டருக்கு 0.4 வாட்-மணி என்று வைத்தாலும் 48 வாட் செலவில் 950 வாட் மிச்சம். அன்றைய சாதாரண விசிறி இதைப் போலப் பல மடங்கு மின்சாரம் தின்று, லாபத்தில் நல்ல பங்கைக் கரைத்திருக்கும்.

இந்த அமைப்பு தோற்றுப்போகும் வழி பெரும்பாலும் சமநிலைக் குறைவு. உள்ளே 100, வெளியே 120 என்று ஓடினால், குறையும் 20 கன மீட்டர் இடுக்குகள் வழியே பச்சைக் குளிராக வரும். அதைச் சூடாக்க 200 வாட். அதாவது மாற்றி இருந்தும் வெளியேறும் அந்த 240 வாட் இழப்புக்குக் கிட்டத்தட்ட சமம். வடிகட்டி ஒரு பக்கம் மட்டும் அடைத்துக்கொண்டாலே இது நடக்கும். அளவிட்டுச் சமன் செய்யாமல் ஒப்படைக்கும் ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்கக் கூடாது. மைனஸ் சில டிகிரிக்குக் கீழே போனால் வெளியேறும் பக்கத்தில் ஈரம் உறையும். முன்சூடாக்கும் ஏற்பாடு வேண்டும். சமையலறைப் புகைபோக்கியைத் தனியாக வெளியே விட்டாலும், பாய்லர் அறைக்காற்றை எடுத்து எரிந்தாலும், எல்லாக் கணக்கும் கெடும். பின்னது உயிருக்கும் ஆபத்து.

வெந்நீருக்கு வீட்டுக்கு 5.3 சதுர மீட்டர் வெற்றிடத் தட்டைத் தகடுகள். தேவையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் சூரியன் தந்தது, மீதி எரிவாயு.

அளவீடு சொன்னது

முதல் குளிர்காலமான 1991–92-இல் வெப்பத்துக்குச் செலவானது சதுர மீட்டருக்கு 19.8 யூனிட். அடுத்த ஆண்டில் 11.8. பின்னர் 10-க்கும் கீழே இறங்கியது. முதல் ஆண்டு எண்ணைப் பார்த்துத் திட்டம் தோற்றது என்று முடிவுகட்டுவது எளிது. புதுக் கட்டடத்தில் கான்கிரீட்டும் தளப்பூச்சும் சுவர்ப்பூச்சும் நிறையத் தண்ணீர் வைத்திருக்கும். ஒரு லிட்டர் ஆவியாக 0.68 யூனிட். ஆயிரம் லிட்டர் உலர்ந்தால் 680 யூனிட். இந்தப் பரப்புக்குச் சதுர மீட்டருக்கு 4.4. சாதாரண வீட்டில் இது கணக்கிலேயே தெரியாமல் மறையும். செலவு இவ்வளவு குறைந்த வீட்டில் மட்டும் பெரிதாகத் தெரியும். மாதிரி வீட்டின் முதல் ஆண்டுக் கணக்கை விளம்பரப் பலகையில் எழுதக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

இப்படிக் காரணம் பிரித்துச் சொல்ல முடிந்தது, மீட்டர்களைத் தனித்தனியே வைத்ததால். வெப்பமூட்டலுக்கு ஒன்று, வெந்நீருக்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று. அறை வெப்பநிலைப் பதிவும் கூடவே. வருடாந்திர எரிவாயு ரசீது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால், குறைந்தது காப்பினாலா, மிதமான குளிரினாலா, ஆட்கள் ஊரில் இல்லாததாலா என்று தெரியாது.

நீண்ட காலத்தில் தேய்ந்தது எதிர்பார்த்த இடம்தான்: ஜன்னலின் ரப்பர் பட்டைகளை மாற்ற வேண்டியிருந்தது. 25 ஆண்டுகளுக்குப் பின் கட்டடத்தை மறுபடி ஆய்ந்தபோது காற்றுப்புகாமை வரம்புக்குள்ளேயே இருந்தது. காப்பும் நல்ல நிலையில் இருந்தது. கூரையில் சூரிய மின் தகடுகள் அந்தச் சமயத்தில்தான் ஏறின. கட்டடத்தின் தேவையைக் குறைத்து முடித்த பிறகு வந்ததால், சிறிய பரப்பே போதுமானதாக இருந்தது.

பாசிவ் ஹவுஸ் நிறுவனம் 1996-இல் டார்ம்ஸ்டாட்டில் தொடங்கியது. வடிவமைப்புக் கணக்கு அட்டவணை 1998-இல் வெளிவந்தது. 1997-இல் வீஸ்பாடனில் 22 வரிசை வீடுகள், அடுத்து ஹானோவரின் குரோன்ஸ்பெர்க்கில் 32 வீடுகள், அவற்றையும் சேர்த்து 'செஃபியஸ்' என்ற ஐரோப்பியத் திட்டத்தில் ஐந்து நாடுகளில் 221 குடியிருப்புகள். ஒரே மாதிரி வீடுகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றதால், ஒரு குடும்பம் 19 டிகிரியில் வாழ்வதும் இன்னொன்று 23-இல் வாழ்வதும் எண்ணில் எவ்வளவு வித்தியாசம் காட்டும் என்பது அங்கேதான் தெரிந்தது. ஒற்றை மாதிரி வீட்டால் அதை ஒருபோதும் சொல்ல முடியாது; வடிவமைப்பின் தரத்தைத் தீர்மானிக்க அந்த வரிசையின் சராசரியைத்தான் பார்க்க வேண்டும்.